யார் இட்ட குறி?



சென்ற பொங்கலுக்கு ஊர் செல்வதற்காகப் பேருந்தில் இரண்டு இடங்கள் பதிவு செய்ய வேண்டியிருந்தது. முன்னாளில் இதற்கென்று பேருந்து நிலையத்தில் ஒரு காலைப்பொழுதைக் கழிக்க வேண்டும். இப்பொழுதோ வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே கைப்பேசியில் முடித்துவிடலாம். கல்லூரியில் படிக்கும் என் பேரன் அந்த வேலையை ஏற்றுக்கொண்டான். நான் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவன் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் காட்டிய கட்டணம் ஒன்று. பணம் செலுத்தும் இடத்தில் நின்ற தொகை வேறொன்று. நாற்பது ரூபாய் கூடியிருந்தது. "இந்த நாற்பது எதற்கடா?" என்றேன். அவன் மேலும் கீழும் தள்ளித் தேடினான். பயணக் காப்பீடு என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அதன் அருகே சிறு கட்டம் ஒன்று. அந்தக் கட்டத்திற்குள் 'சரி' என்னும் குறி.

"நீ இட்டாயா?"

"இல்லை தாத்தா, அதுவாகவே இருந்தது. எல்லாரும் அப்படியே விட்டுவிடுவார்கள்."

அவன் குறியை நீக்க முயன்றபோது, 'வேண்டாம், என் குடும்பத்தின் பாதுகாப்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை' என்னும் பொருள்பட ஒரு வாசகம் தோன்றியது. அதை அழுத்தினால்தான் நாற்பது ரூபாய் கழியும். அதற்குக் கீழே, 'இன்னும் இரண்டே இடங்கள் உள்ளன' என்று சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. பேரன் சிரித்துக்கொண்டே அழுத்தினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'அதுவாகவே இருந்தது' என்ற சொல் மனத்தில் தைத்துக்கொண்டது. கட்டத்திற்குள் குறி தானாக முளைக்குமா? யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து இட்ட குறியன்றோ அது? இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் அந்தக் குறிதான்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழிலில் இருந்தவன். மேல்வகுப்புகளுக்குப் பொருளியல் கற்பித்தவன். பொருளியல் நூல்களில் ஒரு மனிதன் உலவுகிறான். அவன் கடைக்குப் போனால் எல்லாச் சரக்குகளின் விலையும் தரமும் அறிந்திருப்பான். ஒப்பந்தத்தின் பொடி எழுத்தையும் விடாது படிப்பான். நாளைய நன்மையை இன்றைய ஆசைக்கு விற்கமாட்டான். களைப்பும் கோபமும் மறதியும் அவனுக்கு இல்லை. இத்தகைய மனிதனைப் பாடப் புத்தகத்தில் எத்தனையோ முறை சந்தித்திருக்கிறேன். ஆசிரியர் அறையில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

இக்குறையைப் பொருள் நூலார் சிலர் முன்னரே உணர்ந்திருந்தனர். மனிதனின் அறிவுக்கும் நேரத்திற்கும் எல்லையுண்டு, ஆதலின் அவன் மிகச் சிறந்ததைத் தேடாமல் போதுமானதோடு நின்றுவிடுகிறான் என்று ஹெர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் 1950-களிலேயே எழுதினார். 1978-இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்து வந்தவர்கள் டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளநூலார் இருவர். 1979-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, ஒரு பொருளைப் பெறுவதால் வரும் மகிழ்ச்சியினும், அதே அளவு இழப்பதால் வரும் துன்பம் பெரிது என்பதை எடுத்துக்காட்டியது. 'இரண்டே இடங்கள்' என்னும் சிவப்பெழுத்தின் சூட்சுமம் இதுதான். இடம் கிடைக்கும் என்பது நம்மை அவ்வளவாக அசைப்பதில்லை. போய்விடும் என்றால் கை பதறுகிறது. ட்வெர்ஸ்கி 1996-இல் காலமானார். கானமன் 2002-இல் நோபல் பரிசு பெற்றார். இவர்கள் வழியில் வந்த ரிச்சர்டு தேலர் 2017-இல் அப்பரிசைப் பெற்றார். இத்துறைக்கு நடத்தைப் பொருளியல் என்று பெயர்.

பெயர்களை நீங்கள் தேர்வுக்காக நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இத்துறை கண்டறிந்த ஒரு செய்தியைத்தான் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். நாம் ஒன்றும் செய்யாமல் வாளாவிருந்தால் எது நிகழுமோ, அதற்கு முன்னமைவு என்று பெயரிடுவோம். பெரும்பாலோர் முன்னமைவிலேயே தங்கிவிடுகின்றனர் என்பதே அச்செய்தி. பேருந்துச் சீட்டில் காப்பீட்டுக் குறி ஒரு முன்னமைவு.

இதன் வலிமையைக் காட்ட அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா என்பன ஒன்றையொன்று ஒட்டியுள்ள இரு மாநிலங்கள். சில பத்தாண்டுகளுக்கு முன், மோட்டார் வாகனக் காப்பீட்டில் இரு மாநிலத்து மக்களுக்கும் ஒரேவகைத் தேர்வு அளிக்கப்பட்டது. விபத்து நேர்ந்தால் வழக்குத் தொடுக்கும் முழு உரிமை வேண்டுமென்றால் கட்டணம் அதிகம். உரிமையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் கட்டணம் குறைவு. நியூ ஜெர்சியில் குறைந்த உரிமை முன்னமைவு; முழு உரிமை வேண்டுவோர் கேட்டுப் பெறவேண்டும். பென்சில்வேனியாவில் முழு உரிமை முன்னமைவு; குறைந்த கட்டணம் வேண்டுவோர் கேட்டுப் பெறவேண்டும். முடிவு என்ன? 1993-இல் வெளிவந்த ஆய்வின்படி, நியூ ஜெர்சியில் முழு உரிமை கொண்டோர் நூற்றுக்கு 20 பேர். பென்சில்வேனியாவில் 75 பேர். ஆற்றின் இக்கரையில் இருப்பவர்கள் வழக்காடுவதை வெறுப்பவர்களா? அக்கரையில் இருப்பவர்கள் வழக்குப் பித்தர்களா? படிவத்தை அச்சிட்டவர் எதை முதலில் வைத்தார் என்பதே வேறுபாடு. ஆனால் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டிருந்தால், தாமே ஆராய்ந்து தேர்ந்ததாகவே சொல்லியிருப்பார்கள்!

இவ்வலிமையை நன்மைக்கும் பயன்படுத்தலாம். முதுமைக்காகச் சேமிக்கவேண்டும் என்பதை மறுப்பவர் இலர். ஆயினும் சேமிப்பவர் சிலரே. அமெரிக்க நிறுவனம் ஒன்றில், புதிதாக வேலைக்குச் சேர்வோர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் ஓய்வுக்காலச் சேமிப்பில் சேர்க்கப்படுவர் என்று விதி இருந்தது. பிறகு, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் தாமே சேர்க்கப்படுவர் என்று விதியை மாற்றினார்கள். மேட்ரியன், ஷே என்னும் இருவர் இதனை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டனர். முன்னே நூற்றுக்கு 49 பேர் சேர்ந்திருந்த இடத்தில், பின்னே 86 பேர் சேர்ந்திருந்தனர். சம்பளத்தையோ வட்டியையோ உயர்த்தவில்லை. அறிவுரைக் கூட்டமும் நடத்தவில்லை. படிவம் மட்டும் தலைகீழாயிற்று. பிரிட்டனில் 2012-ஆம் ஆண்டிலிருந்து இம்முறை சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது.

தேலரும் பெனார்ட்சி என்பாரும் வேறொரு வழி கண்டனர். இன்றைய சம்பளத்திலிருந்து அதிகம் பிடிப்போம் என்றால் தொழிலாளி இழப்பாகக் கருதி மறுக்கிறான். ஆதலால், அடுத்த ஊதிய உயர்வு வரும்போது அதில் ஒரு பங்கைச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டனர். கைக்கு வராத பணம் கைவிட்டுப் போவதில்லை அல்லவா? சம்மதித்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாக உயர்ந்தது என்று 2004-இல் எழுதினர். இவ்வாறு கட்டாயப்படுத்தாமல் முழங்கையால் மெல்ல இடித்து வழிகாட்டுவதை ஆங்கிலத்தில் 'நட்ஜ்' என்பர். தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீனும் 2008-இல் அப்பெயரிலேயே ஒரு நூல் எழுதினர். நம் நாட்டின் 2018–19 பொருளாதார ஆய்வறிக்கையும் இதற்கென ஓர் அதிகாரம் ஒதுக்கியது.

ஆனால் மேட்ரியன், ஷே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. மேடைகளில் அதைப் பலர் சொல்வதில்லை. தாமே சேர்க்கப்பட்டவர்களுக்குச் சம்பளத்தில் 3 விழுக்காடு என்று குறைந்த அளவே நிறுவனம் முன்னமைவாக வைத்திருந்தது. பெரும்பாலோர் அந்த 3 விழுக்காட்டிலேயே தங்கிவிட்டனர். தாமாக விரும்பிச் சேர்ந்திருந்தால் அதிகமாகச் சேமித்திருக்கக்கூடிய சிலரும் அவர்களுள் இருந்தனர். வைப்பவர் கை எவ்வளவு விரிந்ததோ, அவ்வளவே கிடைத்தது.

இனி நுகர்வோரைக் காப்பாற்றும் சட்டங்களுக்கு வருவோம். வாங்குவோனே விழிப்பாயிரு என்பது பழைய வணிக நெறி. அதற்குமேல் ஒருபடி சென்று, உண்மையை மறைக்காமல் அச்சிட்டுத் தரவேண்டும் என்று சட்டம் சொன்னது. அச்சிட்டுவிட்டால் விற்பவர் கடமை தீர்ந்தது. படிப்பது வாங்குபவர் பொறுப்பு. பாடப் புத்தக மனிதனுக்கு இச்சட்டம் போதும். நமக்குப் போதுமா? கைப்பேசியில் 'விதிகளை ஏற்கிறேன்' என்று அழுத்துமுன் அவ்விதிகளை முழுதும் படித்தவர் உங்களில் யாரேனும் உண்டா? நானும் படித்ததில்லை, தலைமையாசிரியராக இருந்தவன் இதை வானொலியில் ஒப்புக்கொள்ளலாமோ கூடாதோ, அறியேன்.

ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் இயற்றிய நுகர்வோர் உரிமைச் சட்டம் இவ்விடத்தில் ஒரு திருப்பம். விற்பவர் முன்கூட்டியே இட்டுவைத்த குறியைச் சம்மதம் என்று கொள்ளலாகாது. அவ்வாறு கூடுதல் பணம் பெற்றால் திருப்பித் தரவேண்டும் என்று அது விதித்தது. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020-இல் வந்த மின்வணிக விதிகளும், வாங்குபவர் தாமே வெளிப்படையாகத் தெரிவித்ததுதான் சம்மதம், முன்னிட்ட குறி சம்மதமாகாது என்கின்றன. அப்படியானால் என் பேரன் கண்ட குறி அங்கே இருந்திருக்கவே கூடாது.

இத்தகைய தந்திரங்களுக்கு ஹேரி பிரிக்னல் என்னும் ஆங்கிலேயர் 2010-இல் 'டார்க் பேட்டர்ன்ஸ்' என்று பெயரிட்டார். இருட்டு உத்திகள் என்று நாம் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 13 இருட்டு உத்திகள் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டுள்ளன. இடம் தீர்ந்துவிடும் என்று பொய்யாக அவசரப்படுத்துவது அவற்றுள் ஒன்று. நாம் எடுக்காத பொருளைக் கூடைக்குள் நழுவவிடுவது ஒன்று. வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்துவது ஒன்று. விலையைத் துளித்துளியாகச் சேர்த்து இறுதியில் முழுத்தொகை காட்டுவது ஒன்று. சேர்வதற்கு ஒரு வாசலும் விலகுவதற்கு ஒன்பது வாசலும் வைக்கும் சந்தா வலை இன்னொன்று. அன்று திண்ணையில் அமர்ந்து நாங்கள் கண்டவை மட்டும் நான்கு தேறும்! இவ்வாறு ஏமாற்றப்பட்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். நாற்பது ரூபாய்க்காக யார் முறையிடுவார் என்பதே அக்குறியை இட்டவரின் கணக்கு. அக்கணக்கு பெரும்பாலும் தவறுவதில்லை.

எல்லாவற்றையும் மெல்ல இடித்தே திருத்திவிடலாம் என்று எண்ணிவிடவும் கூடாது. அமெரிக்காவில் 2009-இல் கடன் அட்டைச் சட்டம் ஒன்று வந்தது. மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினால் கடன் தீர எத்தனை ஆண்டாகும், 36 மாதத்தில் தீர்க்க எவ்வளவு செலுத்தவேண்டும் என்று கணக்குச் சீட்டிலேயே அச்சிட வேண்டும் என்றது. இது மெல்ல இடிப்பது. அதே சட்டம், சில அபராதக் கட்டணங்களுக்கு நேரடியாக வரம்பும் கட்டியது. இது கையைப் பிடித்து நிறுத்துவது. அறிஞர் நால்வர் 2015-இல் இதன் பலனை அளந்து வெளியிட்டனர். கட்டண வரம்புகளால் மக்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,190 கோடி டாலர் மிச்சமாயிற்று. அச்சிட்ட அறிவிப்பால், 36 மாதத் தவணை அளவில் செலுத்துவோர் மிகச் சிறிதளவே கூடினர். அறிவுரை மலிவு, ஆகவே அரசுகளுக்கு அதன்மேல் ஆசை மிகுதி. அறிவுரை கூறுவதையே தொழிலாகக் கொண்டிருந்த நான் இதைச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம்.

கவனமாயிருந்தால் ஏன் ஏமாறவேண்டும் என்று உங்களில் கெட்டிக்காரர் கேட்பீர்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு விடை நம் தமிழ்நாட்டுக் கரும்பு வயல்களிலிருந்தே வந்தது. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் கரும்பு பயிரிடும் சிறு விவசாயிகள் 464 பேரிடம் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கரும்பு வெட்டிப் பணம் வருமுன் ஒருமுறையும், பணம் வந்தபின் ஒருமுறையும், அதே மனிதர்களுக்குச் சிந்தனைத் திறனையும் கவனத்தையும் அளக்கும் சோதனைகளை வைத்தார்கள். 'சயன்ஸ்' இதழில் 2013-இல் வெளியான முடிவு இது: கையில் பணமில்லாத காலத்தில் அவர்கள் திறன் குறைந்திருந்தது, அறுவடைக்குப் பின் கூடியிருந்தது. மனிதர் மாறவில்லை, படிப்பும் மாறவில்லை. அடகு நகையையும் கடைப் பாக்கியையும் எண்ணிக்கொண்டிருக்கும் மனத்தில் வேறொன்றுக்கு இடம் குறைகிறது. பொடி எழுத்தைப் படிக்க ஓய்வுள்ளவனுக்கு நாற்பது ரூபாய் பெரிதன்று. நாற்பது ரூபாய் பெரிதாயிருப்பவனுக்குப் படிக்க ஓய்வில்லை.

இதை நான் ஆய்வுக் கட்டுரையில் படிக்குமுன்னரே ஒருவர் எனக்குக் கற்பித்துவிட்டார்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் சஞ்சாயிகா என்னும் மாணவர் சேமிப்புத் திட்டம் நடந்துவந்தது. பிள்ளைகள் ஐந்தும் பத்துமாகக் கொண்டுவந்து போடுவார்கள். கேட்கும்போது பெற்றோரிடம் திருப்பித் தருவோம். முதலில், சேர விரும்புவோர் கடிதம் கொண்டுவருக என்று அறிவித்தேன். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மறு ஆண்டு, விரும்பாதவர் மட்டும் கடிதம் கொண்டுவருக என்றேன். ஏறக்குறைய எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள்! தேலர் பெயரையே அப்பொழுது நான் கேள்விப்பட்டதில்லை. ஏதோ பெரிய நிர்வாக நுட்பத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

பெருமை அத்தோடு நின்றிருக்கலாம். பள்ளியின் ஆண்டு மலரைச் சிறப்பாக வெளியிடவேண்டும் என்று எனக்கோர் ஆசை. பணம் போதவில்லை. ஆகவே, சேமிப்புத் தொகையிலிருந்து ஆண்டு மலருக்காக 50 ரூபாய் எடுத்துக்கொள்ளப்படும், விரும்பாத பெற்றோர் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தேன். எவரும் தெரிவிக்கவில்லை. ஆசிரியர் கூட்டத்தில், பெற்றோர் அனைவரும் மனமுவந்து அளித்திருக்கின்றனர் என்று நானே அறிவித்தேன். மலர் வண்ண அட்டையோடு வெளிவந்தது.

ஆண்டு முடிவில் ஓர் அம்மையார் மகளோடு வந்தார். செங்கல் சூளையில் கூலி வேலை செய்பவர். மகளின் சேமிப்பை வாங்கி எண்ணினார், மீண்டும் எண்ணினார். "ஐயா, அம்பது ரூவா கொறையுதுங்களே" என்றார். நான் சுற்றறிக்கையின் படியை எடுத்து மேசைமேல் வைத்தேன். "எல்லாருக்கும் அனுப்பினோமே அம்மா, வேண்டாமென்றால் தெரிவித்திருக்கலாமே" என்றேன்.

"பாப்பா படிச்சுக் காட்டுச்சுங்க. வேணாம்னா எழுதித் தரணும்னு இருந்துச்சாம். நான் எங்கேங்க எழுதுறது?"

அவர் குரலில் கோபமில்லை. ஐயம் கேட்பதுபோலத்தான் கேட்டார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதத் தெரிந்த அந்தப் பெண்ணுக்கும், தலைமையாசிரியருக்கு எதிராக எழுதும் துணிவு எங்கிருந்து வரும்? ஐம்பது ரூபாயை அப்பொழுதே திருப்பிக் கொடுத்தேன். 'நன்றிங்க' என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு சுற்றறிக்கையை நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிழையில்லாத தமிழில், ஐயத்திற்கு இடமின்றி எழுதப்பட்டிருந்தது. சம்மதிப்பதற்கு ஒன்றும் செய்யவேண்டியதில்லை. மறுப்பதற்கு மட்டும் எழுத்தறிவு வேண்டும். எழுத்தறிவிப்பதற்காக நிறுவப்பட்ட ஓர் இடத்திலிருந்து அந்த அறிக்கை போயிருந்தது.

சேமிப்புக்காக நான் வைத்த முன்னமைவில் பணம் பிள்ளையிடமே இருந்தது, வேண்டும்போது திரும்பியது. மலருக்காக வைத்ததில் பணம் என் ஆசைக்குப் போயிற்று. இரண்டுக்கும் படிவம் ஒன்றே. அந்த ஒற்றுமையில்தான் நான் ஏமாந்தேன்.

மறு ஆண்டுச் சுற்றறிக்கையில் இரண்டு கட்டங்கள் வரைந்தேன். ஒன்றில் 'தருகிறேன்', மற்றதில் 'தரவில்லை'. இரண்டையும் வெறுமையாக விட்டேன். வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டி, வீட்டிலும் படித்துக் காட்டி, பெற்றோர் சொல்லும் கட்டத்தில் குறியிட்டு, கையொப்பமோ கைநாட்டோ வாங்கிவரச் சொன்னேன். பாதிக்கும் மேல் 'தரவில்லை' என்றே வந்தன. ஆசிரியர் சிலருக்கு என்மேல் வருத்தம். அவ்வாண்டு மலர் வண்ண அட்டையின்றி, பதினாறு பக்கங்கள் குறைந்து வெளிவந்தது. படிகளைக் கொண்டுவந்து அடுக்கிய அச்சகத்துக்காரர், "என்ன சார், போன வருஷத்துக்கு இந்த வருஷம் மலர் இளைத்துவிட்டதே?" என்று கேட்டார்.

"இது பெற்றோரைக் கேட்டுப் போட்டது" என்றேன்.